கையை உயர்த்தினால் விரல் மரத்தல்: கழுத்து எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது

வணக்கம். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போவதாகவும், கழுத்து எம்.ஆர்.ஐ. இயல்பாக இருப்பதால் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் (கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் கைக்குச் செல்லும் நரம்போ இரத்தக்குழாயோ நெருக்கப்படும் நோய்) இல்லை என்று கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவ்வாறு கொள்ள முடியாது. வழக்கமான கழுத்து எம்.ஆர்.ஐ. தண்டுவடத்தையும் கழுத்து எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளையும் பார்ப்பதற்காக, கைகளை உடலோடு ஒட்டி வைத்து எடுக்கப்படுவது. இந்நோயின் நெருக்கமோ, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் போன்ற குறுகிய இடங்களில், பெரும்பாலும் கையை உயர்த்தும்போதுதான் ஏற்படுகிறது.

முதலில் ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுங்கள். ஏழாவது கழுத்து எலும்பிலிருந்து கூடுதல் விலா எலும்பு வளர்ந்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். அடுத்து, கையை இறக்கியும் உயர்த்தியும் டாப்ளர் ஸ்கேனோ (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எம்.ஆர்.ஐ.யோ எடுக்க இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆயினும், அந்நிலையில் இரத்தக்குழாய் நெருக்கப்படுவது எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிடமும் காணப்படுவதால், படத்தை மட்டும் நம்பி அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

முழங்கையில் அல்நார் நரம்பு (சுண்டு விரல் பக்கத்துக்குச் செல்லும் நரம்பு) நெருக்கப்பட்டாலும் இதே விரல்கள்தான் மரத்துப்போகும். எனவே நரம்புக் கடத்தல் சோதனையில் முன்கையின் உட்புறத் தோல் நரம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கைச் சிக்கலில் அந்த நரம்பு பாதிக்கப்படுவதில்லை; தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோமில் பாதிக்கப்படலாம்.

கை திடீரென வீங்கி நீலநிறமானால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.