குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால்...

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை மாதம். மடியில் கிடத்திப் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரம் ‘ங்கு’ சொல்லிச் சிரிக்கிறான். பிறகு சட்டென்று முகத்தைத் திருப்பி மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறான். கன்னத்தைத் தட்டிக் கூப்பிட்டால் சிணுங்குகிறான். குழந்தையின் ஒவ்வொரு முகபாவத்துக்கும் தாய் உடனுக்குடன் ஈடுகொடுத்தால்தான் பிணைப்பு வளரும் என்று படித்ததிலிருந்து, என்னிடம்தான் குறையோ என்று கவலையாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: எழுந்து போகவோ ‘போதும்’ என்று சொல்லவோ முடியாத வயதில், குழந்தையின் வசத்தில் இருப்பவை கண்ணும் கழுத்தும்தான். விளையாட்டின் உற்சாகம் தாங்கும் அளவைத் தாண்டும்போது அது பார்வையை விலக்கிச் சற்று இளைப்பாறிக்கொள்கிறது. அந்த நேரத்தில் கன்னத்தைத் தட்டாமல் பேசாமல் காத்திருங்கள். பெரும்பாலும் தானாகவே உங்கள் பக்கம் திரும்புவான்.

நீங்கள் படித்தது அநேகமாக அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக்கின் சோதனையைப் பற்றியதாக இருக்கும். 1970-களில் அவர், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய்மாரைச் சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் கல்போல் இருக்கச் சொன்னார். குழந்தைகள் முதலில் சிரித்தும் கையை நீட்டியும் தாயை இழுக்கப் பார்த்தன. அது பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிப்போயின. இந்தப் பாதியைத்தான் எல்லோரும் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அதே ட்ரோனிக், சக ஆய்வாளர் கோனுடன் சேர்ந்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண விளையாட்டின்போது தாயும் சேயும் ஒரே மனநிலையில் ஒத்திருந்தது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான். மீதி நேரமெல்லாம் பிசகுவதும் மறுபடி கூடுவதுமாகவே கழிந்தது. பிசகியதைச் சரிசெய்துகொள்ள முடியும் என்ற அனுபவமே குழந்தைக்குத் தெம்பு தருகிறது என்பது அவருடைய வாதம்.

தாயின் முகம் கண்ணாடி என்று சொல்வது வழக்கம். ஆனால் அது உள்ளதை உள்ளபடி காட்டும் கண்ணாடி அல்ல. குழந்தை உதட்டைப் பிதுக்கி அழும்போது நீங்களும் உதட்டைப் பிதுக்கி, குரலை இழுத்து, ‘அச்சச்சோ, என் தங்கத்துக்கு என்ன ஆச்சு’ என்கிறீர்களே, அதில் அவன் வருத்தம் இருக்கிறது, கூடவே கொஞ்சம் மிகையும் இருக்கிறது. இது அம்மாவின் வருத்தமல்ல, தன்னுடையதுதான் என்று குழந்தை உணர்வதற்கு அந்த மிகையே அடையாளமாகிறது என்று கெர்கெய், வாட்சன் ஆகிய ஆய்வாளர்கள் 1996-இல் விளக்கினார்கள். நீங்களும் நிஜமாகவே அழுதால் அவன் மிரண்டுபோவான்.

அவன் சிரிக்கிறான், குரல் கொடுக்கிறான் என்பதால் கவலைப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேலாக மனச்சோர்வு நீடித்தால் மட்டும், தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் துபாயில் இருக்கிறார். இரண்டு மாதக் குழந்தைக்கு வீடியோ அழைப்பில் அப்பா முகத்தைக் காட்டுவதில் பயன் உண்டா? அவர் பேசிப் பதிவு செய்து அனுப்பியதைப் போட்டுக் காட்டினால் போதாதா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: கைபேசி இல்லாத காலத்திலேயே இதற்கு ஒரு விடை கிடைத்திருக்கிறது. லின் மர்ரே, கால்வின் ட்ரெவார்தன் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், தாயையும் இரண்டு மாத வயதையொட்டிய குழந்தையையும் வெவ்வேறு அறைகளில் வைத்துத் தொலைக்காட்சித் திரை வழியே நேரலையில் பார்த்துக்கொள்ளச் செய்தார்கள். குழந்தைகள் நேரில் போலவே கொஞ்சின. சற்றுமுன் பதிவான அதே தாயின் அதே சிரிப்பை மறுபடி ஓட்டிக் காட்டியபோதோ குழந்தைகள் குழம்பி, பார்வையை விலக்கிக்கொண்டன. முகம் அதேதான்; தான் செய்ததற்குப் பதிலாக அது வரவில்லை.

ஆகவே பதிவைவிட அழைப்பு நல்லது. குழந்தை ‘ங்கு’ என்றதும் அப்பா நிறுத்திக் கேட்டு, பிறகு பதில் சொல்லட்டும். திரையைக் குழந்தையின் முகத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் பிடியுங்கள். இணையம் இழுத்தடித்து அவர் முகம் உறைந்து நின்றால் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள்.