‘மாட்டுத்தாவணி’யைப் படிப்பவனுக்கு ‘தா’ தெரியவில்லை

குழந்தைகளின் வாசிப்புத் தடுமாற்றம் குறித்து வந்த கேள்விகளில் நான்கிற்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: மூன்றாம் வகுப்பில் இருக்கும் என் மகன் தமிழ்ப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கிறான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் விழிக்கிறான். சோம்பலா? – ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: சோம்பல் அன்று. அவன் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறான். என்னிடம் வந்த ஒரு சிறுவன், பேருந்துப் பலகையில் ‘மாட்டுத்தாவணி’ என்று இருப்பதைக் கண்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவான்; அதே சொல்லின் முன்பாதியை விரலால் மூடி ‘தாவணி’யை மட்டும் காட்டியபோது, ‘தா’விலேயே நின்றுவிட்டான். அந்தச் சொல் அவனுக்கு ஒரு படமாக மட்டுமே பதிந்திருந்தது. உங்கள் மகனிடம் ‘தமாகி’, ‘பேலுடி’ போன்ற பொருளற்ற சொற்களை எழுதிக் காட்டுங்கள். மனப்பாடம் அங்கே உதவாது என்பதால், எந்த வரிசையில் தடுக்குகிறான் என்பது தெரிந்துவிடும். 247 எழுத்துகளையும் மறுபடி ஒப்பிக்க வைக்க வேண்டாம். துணைக்கால் எங்கும் ஒரே வடிவில் வருவதால் ‘கா’ அறிந்தவன் ‘மா’வைத் தானே கட்டிக்கொள்வான், உகர வரிசையோ அப்படியன்று. கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு விதமாக வளைவதால், அந்த வரிசைக்கு மட்டும் கூடுதலாகச் சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

கேள்வி: 9 வயது மகள் ‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்கிறாள். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம் என்கிறார் ஆசிரியை. சான்றிதழ் வாங்கினால் பெயர் கெட்டுவிடாதா? – ஒரு தந்தை, மேலூர்

பதில்: இந்த ஒரு பிழையை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி மெய்யொலிக்குப் பின்னால் வருகிறது. ‘கொ’வில் அந்த ஒலியை மாற்றுகிற கால் வலப்புறம் தனியாக நிற்கிறது. பெரியவர்களான நாம் பழகிவிட்டதால் இது ஒரு சிக்கல் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. பழைய காலண்டர் அட்டையில் க, ஒற்றைக்கொம்பு, கால் மூன்றையும் தனித்தனியே வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் ‘க’, இடப்பக்கம் கொம்பை வைத்ததும் ‘கெ’, வலப்பக்கம் காலை வைத்ததும் ‘கொ’. அட்டையை அவளே நகர்த்தி, நகர்த்தும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாளுக்கு 15 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் அழுகையில்தான் முடியும்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசைவு இல்லையென்றால், பார்வையையும் செவித்திறனையும் சோதித்த பின் உளவியலாளரிடம் மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். அரசுப் பள்ளி மாணவி என்றால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் முதலில் பேசலாம். டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கோரலாம். இந்தக் குறைபாட்டுக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை. பல வீடுகளில் மதிப்பீட்டுக்குக் குழந்தையை அழைத்து வரும் தந்தையே, தாமும் சிறுவயதில் இப்படித் திணறியதைத் தயங்கித் தயங்கிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

கேள்வி: கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால், வண்ணக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே? – ஒரு பாட்டி, திருமங்கலம்

பதில்: கிட்டப்பார்வை போன்ற குறை இருந்தால் கண்ணாடி அவசியம். வாசிப்புக் குறைபாடு எழுத்தை ஒலியோடு இணைப்பதில் ஏற்படுவது. அதை இவை தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. பணத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறோம், பள்ளி ஆங்கில வழி. இதனால்தான் பேரன் வாசிக்கத் திணறுகிறானா? வீட்டுப் பேச்சை நிறுத்திவிடலாமா? – ஒரு தாத்தா, மதுரை

பதில்: நிறுத்தவே வேண்டாம். பல மொழி பேசுவதால் வாசிப்புக் குறைபாடு வருவதில்லை. தாத்தாவிடம் கதை கேட்டு வளரும் குழந்தைக்குச் சொற்களஞ்சியம் பெருகுகிறது. குறைபாடு உண்மையில் இருந்தால், பெரும்பாலும் இரண்டு எழுத்து முறைகளிலும் தென்படும்: எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கு குறைந்த ஆங்கிலத்தில் பிழைகளாகவும், ஒழுங்கு கூடிய தமிழில் பிழையைவிட வேகக் குறைவாகவும் வெளிப்படும். ஆகவே இரண்டிலும் ஒவ்வொரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால், பெரும்பாலும் அந்த மொழியில் அவனுக்குப் போதிய பழக்கம் இல்லை என்றே பொருள். நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு அவனை அழைத்துச் செல்லுங்கள்; புத்தகத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும், அது அவன் வயதுக்குச் சிறியதாக இருந்தாலும் குறுக்கே ஒன்றும் சொல்ல வேண்டாம்.