அக்குளுக்கு ரோல்-ஆன் போட்டால் புற்றுநோய் வருமா? மும்பை வாசகர்களுக்குத் தோல் மருத்துவர் பதில்

வேர்வையை அடைத்தால் நச்செல்லாம் அக்குளிலேயே தங்கி மார்பகப் புற்றுநோய் ஆகுமாமே, டாக்டர்? வாட்ஸ்அப்பில் வந்தது. கல்லூரி நாளிலிருந்து போடுகிறேன்.
– வாசகி, மாட்டுங்கா

வாட்ஸ்அப் பிறக்கும் முன்பே மின்னஞ்சலில் சுற்றிய கதை இது, அம்மா. கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்தான். வேர்வையின் வேலை உடம்பைக் குளிர்விப்பது. அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் (கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) வேர்வைச் சுரப்பிக்கும் குழாய்த் தொடர்பே கிடையாது.

2002-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் மார்பகப் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்டார்கள். தொடர்பு எதுவும் தென்படவில்லை. மறு ஆண்டு வந்த சிகாகோ ஆய்வுதான் இன்றும் பயமுறுத்தப் பயன்படுகிறது. இளவயதிலேயே மழித்து அடிக்கடி பூசியவர்களுக்கு நோய் சீக்கிரம் தெரிந்தது என்றது அது. ஆனால் கேட்கப்பட்ட 437 பேரும் நோயாளிகள். ஒப்பிட நோயில்லாதவர் ஒருவர்கூட இல்லை. அப்படியிருக்க எதை முடிவு செய்வது? அக்குள் பக்கமே கட்டி அதிகம் வருகிறதே என்பார்கள். மார்பகத் திசு அங்கேதான் அதிகம்.

ரசாயனம் வேண்டாமென்று படிகாரக் கல்தான் தேய்க்கிறேன். நல்லதுதானே?
– வாசகர், தாராவி

தேய்க்கலாம் தம்பி, ஆனால் ரோல்-ஆனில் வேர்வையை அடைப்பது அலுமினிய உப்பு; படிகாரமும் அலுமினிய உப்புதான்! தோல் வழியே உள்ளே போகும் அலுமினியம் மிகமிகச் சொற்பம். 2020-இல் ஐரோப்பிய அறிவியல் குழு ரோல்-ஆனில் அலுமினியம் 6.25 சதவீதம் வரை பாதுகாப்பானது என்றது.

அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அவர் போடலாமா?
– வாசகி, செம்பூர்

சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதானவர்களுக்கு அமெரிக்காவில் டப்பாவிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள்.

அடுத்த வாரம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). ஏதாவது கவனிக்க வேண்டுமா?
– வாசகி, முலுண்ட்

அன்று காலை அக்குளில் எதுவும் பூசாதீர்கள், பவுடர்கூட. அதன் துகள்கள் படத்தில், சில சமயம் புற்றுநோயின் அறிகுறியாகும் சுண்ணாம்புப் புள்ளிபோலத் தெரிந்து வீண் கலக்கம் தரும்.

லோக்கல் ரயிலில் ஏறுவதற்குள் சட்டை நனைகிறது. காலையில் போட்டும் பலனில்லை, அரிப்புதான் மிச்சம்.
– வாசகர், சயான்

இராத்திரி, அக்குள் நன்றாக உலர்ந்தபின் போடுங்கள். வேர்வை குறைந்த நேரத்தில்தான் உப்பு துளைகளில் படியும். ஈரத்தில் போட்டாலும், மழித்த கையோடு போட்டாலும் எரியும். என்னிடம் வருகிறவர்களில் பலருக்குத் தொல்லை தருவது அலுமினியமல்ல, வாசனைப் பொருள். வாசனையில்லாததை வாங்கிப் பாருங்கள். தடிப்பு நிற்காவிட்டால் நேரில் வாருங்கள்.