பழைய கண்ணாடிக் குவளையில் உள்ள கிரீட முத்திரை எதைக் குறிக்கிறது?

இங்கிலாந்தில் ஒரு வீட்டு அலமாரியில் கிடைத்த தடித்த கண்ணாடிக் குவளையின் விளிம்புக்குக் கீழே சிறிய கிரீடமும் எண்ணும் பொறிக்கப்பட்டிருப்பதாகக் கூறி, அதன் வயதையும் அளவையும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கிரீடம் தயாரிப்பாளரின் சின்னமன்று. குவளையின் கொள்ளளவு சரியானது என்று எடையளவுத் துறை சரிபார்த்ததற்கான அரசு முத்திரை. அருகிலுள்ள எண், அந்தச் சோதனை எந்த வட்டாரத்தில் நடந்தது என்பதைக் காட்டும். 2006-க்குப் பின் ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி கிரீடத்தின் இடத்தை ‘சிஇ’ குறியும், ‘எம்’ என்ற எழுத்தோடு ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் பிடித்துக்கொண்டன. ஆகவே பழைய கிரீடம் மட்டுமே இருந்தால், உங்கள் குவளை பெரும்பாலும் அதற்கு முந்தையதாகவே இருக்கும். ‘ஜிஆர்’ (ஜார்ஜ் மன்னரைக் குறிப்பது) போன்ற அரச எழுத்துகள் தெரிகின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எந்த மன்னரின் காலம் என்பதை அவை உணர்த்தும்.

அளவை அறியத் தராசே போதும். குவளையை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி, வெற்றுக் குவளையின் எடையைக் கழித்தால், ஏறத்தாழ 568 கிராம் வந்தால் ஒரு பைன்ட் (பிரிட்டிஷ் கொள்ளளவு அலகு), 284 வந்தால் அரை பைன்ட். பக்கவாட்டில் அளவுக்கோடு இருந்தால் அதுவரை மட்டுமே நிரப்ப வேண்டும்.