பாரி சாண்டர்ஸின் விலகல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். விளையாட்டு வீரர்கள் ஓய்வு பெறுவதைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அமெரிக்கக் கால்பந்து வீரர் பாரி சாண்டர்ஸை ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். நான் பல வருடங்களாக டெட்ராய்ட் பக்கத்தில் வசிக்கிறேன். அவர் ஆடிய எங்கள் ஊர் லயன்ஸ் அணி தோற்பதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர்கள் என் அலுவலகத்தில் இருக்கிறார்கள். சாண்டர்ஸ் பெயரை எடுத்தால் இன்றைக்கும் அவர்களுக்குக் கோபம் வருகிறது. கோடிக்கணக்கில் பணத்தை வாங்கிக்கொண்டார், இன்னும் 1,457 யார்டு ஓடினால் மொத்த ஓட்டத்தில் வாழ்நாள் சாதனை, அந்த இடத்தில் ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டார் என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் நேர்மாறாக, உச்சத்தில் துறந்த ஞானி என்று கொண்டாடுகிறார்கள். பள்ளி அணியில் ஆடும் என் மகன், அவர் உடம்பு, அவர் இஷ்டம் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டான். எனக்கு அலுவலகக்காரர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. அப்படி ஒரு திறமை ஒருவருக்கு வாய்த்தால் அது அவருக்கு மட்டுமா சொந்தம்? கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன், இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி.

அன்புடன்,
ஆர். கே.

*

அன்புள்ள ஆர். கே.,

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார்டு, அதாவது ஒன்பது மீட்டருக்குச் சற்று மேல், முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. பந்தை எறிந்து முன்னேறலாம், அல்லது ஒருவர் கையில் கொடுத்து ஓடச் சொல்லலாம். அப்படி ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். அவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் எதிரணியை நெட்டித் தள்ளி ஒரு சந்து திறப்பார்கள். அவர் அதில் நுழைய வேண்டும். எதிரே இருக்கும் பதினொரு பேருக்கும் அந்த நேரத்தில் ஒரே வேலை, அவரைத் தரையில் சாய்ப்பது. ஒரு ஆட்டத்தில் இருபது, இருபத்தைந்து தடவை இது நடக்கும். ரன்னிங் பேக்குகள் சராசரியாக மூன்று வருடம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை என்பது அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

சாண்டர்ஸ் டெட்ராய்ட் லயன்ஸுக்காகப் பத்து வருடம் ஆடினார். பத்து வருடமும் ஆயிரம் யார்டுக்குமேல். மொத்தம் 15,269. உயரம் ஐந்தடி எட்டங்குலம்தான். கபடியில் நாலு பேர் வளைத்த பிறகும் கோட்டைத் தொட்டுவிடும் ரெய்டரை நினைத்துக்கொண்டால் அவர் ஓட்டம் ஓரளவு பிடிபடும். மற்றவர்கள் திறந்த சந்துக்குள் முட்டிக்கொண்டு போவார்கள். இவரோ சந்து அடைபட்டிருந்தால் அப்படியே நின்று, திரும்பி, பின்னால் ஓடி, மைதானத்தின் மறுபக்கம் போய் ஒரு வழி கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்காத நாட்களும் நிறைய உண்டு. பின்னால் ஓடும்போதே பிடித்து அமுக்கிவிடுவார்கள், அணிக்கு மூன்று நான்கு யார்டு நஷ்டமாகும். யூடியூபில் ஓடும் துண்டுப் படங்களில் அந்த ஓட்டங்கள் இருக்காது.

ஆள் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவைச் சேர்ந்தவர். அப்பா கூரை வேலை, தச்சு வேலை செய்தவர். வீட்டில் பதினொரு குழந்தைகள். குள்ளம் என்று பெரும்பாலான கல்லூரிகள் இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒக்லஹோமா ஸ்டேட்டில் தர்மன் தாமஸ் என்ற பெரிய ஆட்டக்காரருக்கு மாற்றாளாக உட்கார்ந்திருந்து, அவர் போனபிறகு கிடைத்த 1988-ஆம் வருடத்தில் பதினொரே ஆட்டங்களில் 2,628 யார்டு ஓடினார். கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் அந்த வருடம் அவருக்கு. விருது அறிவித்தபோது ஆள் நியூயார்க்கில் இல்லை. அணியோடு ஒரு ஆட்டத்துக்காக டோக்கியோவில் இருந்தார். அன்றைக்கு ஆடி 332 யார்டு எடுத்தார்.

சரி, சாதனைக்கு வருவோம். உங்கள் அலுவலகத்துக்காரர்கள் அதிகம் வருத்தப்படுவது அந்த 1,457 யார்டுக்குத்தானே. அவர்களுக்கு 1989 டிசம்பரை நினைவூட்டுங்கள். சாண்டர்ஸின் முதல் வருடம், வருடத்தின் கடைசி ஆட்டம், எதிரணி அட்லாண்டா. லயன்ஸ் ஜெயித்தாயிற்று என்ற நிலை. சாண்டர்ஸ் வெளியே உட்கார்ந்திருக்கிறார். அப்போது கோச் வேய்ன் ஃபான்டெஸுக்குத் தகவல் வருகிறது: இன்னும் பதினொரு யார்டு எடுத்தால் அந்த வருடம் லீகிலேயே அதிகம் ஓடியவர் சாண்டர்ஸ்தான், கான்சஸ் சிட்டியின் கிறிஸ்டியன் ஒகோயேவைத் தாண்டிவிடலாம். உள்ளே போகிறாயா என்று கோச் கேட்கிறார். ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போவோம் கோச் என்று சொல்லிவிட்டார். பட்டம் ஒகோயேவுக்குப் போயிற்று. அப்போது சாண்டர்ஸுக்கு 21 வயது. டச் டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி, எடுத்தால்கூட ஆட்டம் பாட்டம் இல்லை, பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடப்பார். பத்து வருடம் கழித்து இந்த மனுஷன் அன்றைய சாதனையாளர் வால்டர் பேட்டனின் 16,726 யார்டைத் தாண்டுவதற்காக இன்னொரு வருடம் அடி வாங்குவார் என்று எதிர்பார்த்தது யாருடைய தப்பு?

ஞானி என்பதும் சரியில்லை. வேறு அணிக்கு மாற்றினால் ஆடுவேன் என்று கேட்டவர் ஆட்டத்தைத் துறந்த ஞானி ஆகமாட்டார். அவருக்கு வெறுத்துப்போனது தோற்றுக்கொண்டே இருந்தது. தன்வரலாற்றில் அவரே இதைத்தான் சொல்கிறார்.

அங்கே டிராஃப்ட் என்று ஒரு முறை. கல்லூரி முடித்து வருகிறவர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும், போன வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. எந்த அணி கூப்பிடுகிறதோ அங்கேதான் போக வேண்டும். அணிகளைச் சமமாக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீரரின் பக்கமிருந்து பார்த்தால், எவ்வளவு திறமையோ அவ்வளவுக்கு மோசமான இடத்தில் போய் விழுவீர்கள். 1989-இல் மூன்றாவதாகத் தேர்வான சாண்டர்ஸ், முந்தைய வருடம் 16 ஆட்டங்களில் நான்கே ஜெயித்த லயன்ஸிடம் போனார். அடுத்த வருடம் டாலஸுக்குப் போன எம்மிட் ஸ்மித் என்ற ரன்னிங் பேக் மூன்று முறை சூப்பர் பவுல் எனும் இறுதி ஆட்டத்தை ஜெயித்தார், 2002-இல் பேட்டனின் சாதனையையும் அவரே உடைத்தார். சாண்டர்ஸின் பத்து வருடத்தில் லயன்ஸ் ஐந்து முறை பிளேஆஃபுக்கு, அதாவது வருடக் கடைசியில் நடக்கும் நாக் அவுட் சுற்றுக்கு, போனது. ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், 1992 ஜனவரியில், அதுவும் அதே டாலஸை, 38-6 என்று. அதற்கடுத்த பிளேஆஃப் வெற்றி 2024 ஜனவரியில்தான் வந்தது என்பதை டெட்ராய்ட்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 1991-ஆம் வருடத்து அணியில் சாண்டர்ஸுக்கு இடமும் வலமுமாகச் சந்து திறந்துவிட்ட கார்டுகள் இரண்டு பேர், எரிக் ஆன்டால்செக், மைக் அட்லி. அட்லி நவம்பரில் ராம்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்து முறிந்து நிரந்தரமாகச் செயலிழந்தார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மிச்ச வருடம் முழுக்க அணி அதையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. அடுத்த கோடையில் ஆன்டால்செக் தன் வீட்டு முன்னால் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது, சாலையை விட்டு விலகிவந்த லாரி மோதி இறந்துபோனார்.

அப்புறம் 1997. அந்த வருடத்தின் முதல் இரண்டு ஆட்டங்களில் சாண்டர்ஸ் எடுத்தது வெறும் 53 யார்டு. கதை முடிந்தது என்று பேச ஆரம்பித்தார்கள். அடுத்த பதினாலு ஆட்டங்களிலும் நூறு யார்டுக்குமேல். டிசம்பர் 21 அன்று நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக 184 யார்டு எடுத்து, ஒரே வருடத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டிய மூன்றாவது ஆளானார், மொத்தம் 2,053. அதே ஆட்டத்தில்தான் ரெஜி பிரவுன் என்ற 23 வயது லயன்ஸ் வீரர் ஒரு மோதலுக்குப் பிறகு அசையாமல் கிடந்தார். மூச்சு நின்றுவிட்டது. மைதானத்திலேயே மூச்சுக் கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். பின்னால் அவர் எழுந்து நடந்தார், ஆனால் அதோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது. சாண்டர்ஸின் மிகப் பெரிய நாள் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதப்படுகிற நாள் இது. விலகியதற்கு இதையெல்லாம் அவர் காரணமாகச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் திறமை யாருக்குச் சொந்தம் என்று நீங்கள் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். கழுத்து அவருடையதுதானே.

ஒப்பந்தம் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளமாட்டேன். 1997-இல் யாரும் அவர் தலையில் துப்பாக்கி வைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு ஏறக்குறைய 3.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் தானே கையெழுத்துப் போட்டார், அதில் 1.1 கோடி கையெழுத்து போனஸ். இரண்டே வருடம் ஆடிவிட்டு 1999 ஜூலையில் போகிறேன் என்றால் அணி சும்மா இருக்குமா? போனஸைத் திருப்பிக் கேட்டார்கள். என்னை விட்டுவிடுங்கள், அல்லது வேறு அணிக்கு மாற்றுங்கள், பணத்தைத் தந்துவிடுகிறேன் என்றார். லயன்ஸ் மறுத்தது. நடுவர் மன்றம்வரை போய், 2000 பிப்ரவரியில் 18 லட்சத்து 33 ஆயிரம் டாலரை வட்டியோடு உடனே தர வேண்டும், மிச்சத்தை ஆடாமல் இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் தவணையாகத் தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஆகவே பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினார் என்பது மட்டும் பொய்.

இந்த ஒப்பந்தங்களில் இன்னொரு விஷயம் இருக்கிறது, ரசிகர்கள் அதை எப்போதும் மறந்துவிடுகிறார்கள். ஆறு வருட ஒப்பந்தம் என்றால் ஆறு வருடமும் வீரர் கட்டுப்பட்டவர், அணி அப்படி அல்ல. கால் போனால், வயது ஏறினால், சம்பளம் அதிகம் என்று தோன்றினால், நடுவிலேயே நீக்கிவிடலாம். சாண்டர்ஸின் நெருங்கிய நண்பரும் பல வருடம் அவருக்கு முன்னால் நின்று வழி திறந்தவருமான கெவின் குளோவரை அந்த 1997-ஆம் வருடம் முடிந்த கையோடு லயன்ஸ் அனுப்பிவிட்டது. அதற்கு யாரும் துரோகம் என்ற வார்த்தையைப் பயன்படுத்தவில்லை, வியாபாரம் என்றார்கள். ஆள் எந்த அணிக்குப் போவது, யாரோடு ஆடுவது, எப்போது மாறுவது, எதுவுமே சாண்டர்ஸ் கையில் இல்லை. ஆடாமல் இருப்பது ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார். 2016-இல் அதே லயன்ஸில் கால்வின் ஜான்சன் முப்பது வயதில் விலகியபோதும் போனஸில் ஒரு பகுதியைத் திருப்பி வாங்கினார்கள். பதினாறு வருடத்தில் அந்த நிர்வாகம் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஃபேக்ஸ். அதில் நான் உங்கள் நண்பர்கள் பக்கம். ஊர்ப் பத்திரிகையான விச்சிட்டா ஈகிளுக்கு ஒரு சிறிய அறிக்கை. ஆட்டத்தில் தொடரும் ஆசையைவிட வெளியேறும் ஆசை அதிகமாக இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார். பயிற்சி முகாம் தொடங்கும் நேரம். போன வருடம் முடிந்ததுமே திரும்பி வரப்போவதில்லை என்று தோன்றிவிட்டதாக அதிலேயே சொல்கிறார். அப்படியானால் ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாமே? அணி வேறு ஆளைத் தேடியிருக்கும். பத்து வருடம் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு லயன்ஸின் அன்றைய மைதானமான பான்டியாக் சில்வர்டோமுக்கு வந்த ஜனங்களுக்கு ஒரு தடவை கையசைத்திருக்கலாம். கூச்ச சுபாவம் என்கிறார்கள். இருக்கட்டும். டச் டவுன் எடுத்துவிட்டுப் பந்தை நடுவரிடம் கொடுப்பதில் அழகாக இருந்த அதே குணம் இந்த இடத்தில் நன்றாக இல்லை.

பிற்பாடு எல்லாம் ஆறிவிட்டது. 2004-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது அவரை மேடையில் அறிமுகம் செய்தவர் அப்பா வில்லியம்தான். மகன் இவ்வளவு சாதித்த பிறகும் இந்த ஆட்டத்தில் மிகச் சிறந்தவர் ஜிம் பிரவுன்தான் என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா அவர். அந்த ஜிம் பிரவுனும் உச்சத்தில் இருக்கும்போது, 1966-இல், லண்டனில் ஒரு சினிமாப் படப்பிடிப்பில் இருந்துகொண்டு ஓய்வை அறிவித்தவர் என்பது வேடிக்கை. 2023-இல் தன் இப்போதைய மைதானமான ஃபோர்டு ஃபீல்டு வாசலில் லயன்ஸ் சாண்டர்ஸுக்குச் சிலை வைத்துவிட்டது. உங்கள் அலுவலகக்காரர்களில் ரெண்டு பேராவது அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

மகனிடம் இரண்டு ஆட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, 1992 ஜனவரியில் டாலஸை ஜெயித்தது. கடைசிக் கால் பகுதியில் நாலைந்து டாலஸ்காரர்கள் சூழ்ந்து, ஆள் சிக்கிக்கொண்டார் என்று நினைக்கும்போது வெளியே வந்து 47 யார்டு ஓடுவார். இன்னொன்று, 1994 டிசம்பர் 31, கிரீன் பே. அதுவும் பிளேஆஃப். பதிமூன்று தடவை பந்தை வாங்கி ஓடியும் சாண்டர்ஸின் அன்றைய மொத்தம் மைனஸ் ஒரு யார்டு. இரண்டாவதை முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி அணியில் அவன் ரன்னிங் பேக் என்றால், முதல் ஓட்டத்தைவிட இதில்தான் அவனுக்கு விஷயம் இருக்கிறது.

அன்புடன்.