இண்டியானா கொலம்பஸுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியில் வேலை உறுதியாகிவிட்டது, கைக்குழந்தையோடு வருகிறோம், இண்டியானாவில் கொலம்பஸ் ரொம்பச் சின்ன ஊராமே, ஆட்கள் எப்படி, மனைவிக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாழ்த்துகள். முதல் காரியமாக டிக்கெட்டை இண்டியானாபொலிஸுக்குப் போடுங்கள். கொலம்பஸ் என்று மட்டும் தேடினால் அதே பெயருள்ள ஒஹாயோ மாநில ஊரில் போய் இறங்குவீர்கள்.

ஊரில் சுமார் 50,000 பேர். சுற்றிலும் சோளமும் சோயாவும். கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற மெக்கானிக், தான் கார் ஓட்டிய வங்கிக் குடும்பத்தின் பணத்தில் 1919-இல் தொடங்கிய எஞ்சின் கம்பெனிதான் இன்றும் ஊருக்கு அச்சாணி. சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் செய்யும் டொயோட்டா தொழிற்சாலையும் இருக்கிறது. கம்மின்ஸ் புனேயில் பெரிய அளவில் இருப்பதால் இங்கே மளிகைக் கடையில் மராத்தி காதில் விழும். தமிழ்க் குடும்பங்களை நீங்கள்தான் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

சின்ன ஊர் என்று நினைத்து வருபவர்கள் திகைப்பது கட்டடங்களைப் பார்த்துத்தான். 1950-களில் கம்பெனித் தலைவர் இர்வின் மில்லர், நல்ல வடிவமைப்பாளரைக் கொண்டு பள்ளி கட்டினால் அவருடைய கட்டணத்தைக் கம்பெனியின் அறக்கட்டளை கொடுக்கும் என்றார். அப்படியே பள்ளிகள், தீயணைப்பு நிலையம் என்று வளர்ந்தது. கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்த நூலகம் 1969-இல் திறந்தது. அதன் முன்னால் செங்கல் தளத்தில் சிற்பி ஹென்றி மூரின் பச்சை ஏறிய வெண்கல வளைவு நிற்கிறது. பிள்ளைகள் அதற்கடியில் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள், யாரும் அதட்டுவதில்லை. உங்களுக்கும் சாயங்காலம் போக ஒரு இடமாயிற்று.

ஆட்கள் நல்லவர்கள், ஆனால் நிதானமானவர்கள். முகம் தெரியாதவரும் வணக்கம் சொல்வார், வானிலை பேசுவார். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட மாதங்கள் ஆகும். பாதிப் பேருக்கு உறவு, நட்பு எல்லாம் சர்ச்சிலும் பள்ளிக்கூட நாட்களிலும் அமைந்துவிட்டது, புது ஆளைத் தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அதனால் நீங்களே முதலில் கூப்பிடுங்கள். பனி கொட்டிய காலையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் இயந்திரத்தால் உங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டு, கதவைக்கூடத் தட்டாமல் போய்விடுவார். பணம் நீட்டிவிடாதீர்கள்! ஒரு டப்பா முறுக்கு போதும்.

இனி மனைவி விஷயம், இதைத்தான் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நீங்கள் எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தால் அவருக்கு எச்-4 என்ற குடும்ப விசா. உங்கள் கிரீன் கார்டுக்கு (நிரந்தரக் குடியுரிமை அட்டை) கம்பெனி போடும் ஐ-140 மனு ஒப்புதல் ஆகி, அவருக்கு வேலை அனுமதி அட்டை வரும்வரை பொதுவாக அவர் சம்பாதிக்க முடியாது. அதற்குப் பிறகும் அவர் துறை எஞ்சினோ மருத்துவமனையோ பள்ளியோ இல்லையென்றால் ரிமோட் வேலை, அல்லது இண்டியானாபொலிஸுக்குத் தினம் ஒரு மணி நேரக் கார். இன்னொன்று, உங்கள் வேலை போனால் வேறு இடம் பார்க்க அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். இந்த ஊரில் அதே மாதிரி இன்னொரு கம்பெனி எதிர்த் தெருவில் இருக்காது. வந்ததும் வீடு வாங்கச் சொல்லும் ஆட்கள் நிறைய உண்டு, நான் வாடகைக்கே இருக்கச் சொல்வேன்.

கார் இல்லாமல் இங்கே காலம் தள்ள முடியாது. சரி, எந்த மாதம் வருகிறீர்கள்? ஜனவரி என்றால் குளிருக்கான கோட்டு அங்கே வாங்கிச் சுமக்காதீர்கள், அந்த எடைக்குப் புளியும் சாம்பார் பொடியும் கொண்டுவாருங்கள்.