அரிசியை நிறுத்துவதற்கு முன்னால்: குடல் பத்தியம் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குடல் நோய்க்காரர்களுக்குச் சொல்லப்படும் எஸ்சிடி (ஸ்பெசிபிக் கார்போஹைட்ரேட் டயட்) என்கிற பத்தியத்தைப் பற்றித்தான். அரிசி, கோதுமை, சிறுதானியம், உருளைக்கிழங்கு, சர்க்கரை, வெல்லம், பால் எல்லாவற்றையும் தள்ளிவைக்கச் சொல்கிற முறை அது. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் எஸ்சிடி ஆரம்பி, குடல் ஆறிவிடும் என்கிறார். திங்கட்கிழமை தொடங்கலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

தொடங்கலாம், ஆனால் இந்தத் திங்கட்கிழமை வேண்டாம். முதலில் ஒரு வாரம், இப்போது சாப்பிடுகிற மாதிரியே சாப்பிட்டுக்கொண்டு, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை தடவை போனீர்கள், ரத்தம் வந்ததா, ராத்திரி எழுந்து ஓட வேண்டியிருந்ததா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எடை பாருங்கள். டாக்டரிடம் கேட்டு ஹீமோகுளோபினும், மலத்தில் கால்ப்ரொடெக்டின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், குடலில் அழற்சி எவ்வளவு என்று அது காட்டிக்கொடுக்கும். இந்தக் கணக்கு இல்லாமல் இறங்கினால் ஒரு மாதம் கழித்து "கொஞ்சம் பரவாயில்லை மாதிரி இருக்கு" என்பதைத் தவிர உங்களால் ஒன்றும் சொல்ல முடியாது.

இந்தப் பத்தியத்துக்கு ஒரு சுவாரசியமான கதை உண்டு. இதற்கு வித்திட்ட நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ் 1924இல் சீலியாக் என்கிற குடல் நோய் வந்த குழந்தைகளுக்கு வாழைப்பழம் கொடுத்துத் தேற்றியதாக எழுதினார். குழந்தைகள் தேறியது உண்மை. ஆனால் பின்னால் டிக்கே என்கிற டச்சு மருத்துவர்தான் குற்றவாளி கோதுமை என்று கண்டுபிடித்தார், அதாவது வாழைப்பழம் எதையும் ஆற்றவில்லை, கோதுமை நின்றதுதான் ஆற்றியது. பத்தியம் பலித்தாலும் அதற்குச் சொல்கிற காரணம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2021இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் கிரோன் என்கிற இன்னொரு குடல் அழற்சி நோய் உள்ள 190க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எஸ்சிடி, இன்னொரு பாதிக்கு மீன், காய், ஆலிவ் எண்ணெய், முழுத்தானியம் கொண்ட மத்தியத்தரைக்கடல் சாப்பாடு என்று கொடுத்தார்கள். 6 வாரத்தில் அறிகுறி தணிந்தவர்கள் முதலாவதில் 46.5 சதவீதம், இரண்டாவதில் 43.5. பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் நோய் வேறு என்றாலும், மச்சானிடம் இதைச் சொல்லலாம்.

மாத்திரையைப் பத்தியத்துக்காக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

முதல் சில நாள் என்னதான் சாப்பிடுவது? இட்லி, கஞ்சி இரண்டும் இல்லை என்றால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. (மஞ்சக்குப்பம்)

தோன்றாதுதான். நமக்கு வயிறு சரியில்லை என்றாலே கஞ்சி, ரசம் சாதம், இட்லி, அதைத்தான் முதலில் பிடுங்குகிறார்கள். தொடக்கக் கட்டம் 2 முதல் 5 நாள்: கேரட் போட்டுக் குழைய வேகவைத்த கோழி சூப், மசித்த கேரட், ஒத்துக்கொண்டால் முட்டை, 24 மணி நேரம் புளிக்கவைத்த வீட்டுத் தயிர். அப்புறம் நன்றாக வெந்த பூசணி, பீன்ஸ், மிளகாய் சேர்க்காமல் ஆவியில் வேகவைத்த மீன் (துறைமுகம் பக்கத்தில் இருக்கிற நமக்கு அதில் குறையில்லை). வாழைப்பழம் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பிறகுதான், காயாக இருக்கும்போது இருந்த மாவுச்சத்து அதற்குள் சர்க்கரையாக மாறியிருக்கும். வாழைக்காய் வறுவல் கிடையாது. ஒரு புதுப் பொருள் சேர்த்தால் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. குடலில் சுருக்கம் இருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால் வேகாத காய்கறியும் நார்க் காயும் அடைத்துக்கொள்ளலாம், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மாவுச்சத்து குறைந்ததால் முதல் சில நாள் தலைவலி, சோர்வு வரலாம். "கெட்ட கிருமி சாகிறது, பொறுத்துக்கொள்" என்று யாராவது சொன்னால் காய்ச்சல், ரத்தம், சிறுநீர் குறைவது இதற்கெல்லாம் அந்தச் சமாதானம் செல்லாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

24 மணி நேரத் தயிர் என்கிறார்கள். நம் வீட்டுத் தயிர் போதாதா? (லாஸ்பேட்டை)

போதாது. ராத்திரி உறை ஊற்றிக் காலையில் எடுக்கும் தயிரில் பால் சர்க்கரை கணிசமாக மிச்சம் இருக்கும், 24 மணி நேரம் விட்டால் பாக்டீரியா அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பாலைக் காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றி, 38 முதல் 43 டிகிரி சூட்டில் வைக்க வேண்டும். நம் ஊர் மே மாதத்துப் பகல் வெயிலே அதைச் செய்துவிடும், ராத்திரிதான் சிக்கல். ஹாட்பாக்ஸில் வெந்நீர் பாட்டில் ஒன்றையும் கூடவே வைத்து, ஆறினால் மாற்றிக்கொண்டே இருங்கள். புளிக்கும், நன்றாகவே புளிக்கும். கொஞ்சம் தேன் விடலாம்.

என் 11 வயது மகனுக்குக் கிரோன் இருக்குமோ என்று சந்தேகப்படுகிறார்கள். ரிப்போர்ட் வருவதற்குள் பத்தியம் தொடங்கிவிடலாமா? பலாச்சுளை சாப்பிடலாமா என்று வேறு கேட்கிறான். (பண்ருட்டி)

வேண்டாம் அம்மா. நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோனும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், வைத்தியம் முற்றிலும் வேறு. அது தெளிவாகாமல் சாப்பாட்டில் கைவைத்தால் எடை இறங்கும், அதுவும் வளர்கிற வயது. கிரோன் என்று உறுதியானால் குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் திரவ உணவு மட்டுமே கொடுக்கும் முறை இருக்கிறது, நல்ல ஆதாரம் உள்ளது, டாக்டரிடம் அதைக் கேளுங்கள். பலாச்சுளை பற்றி அவன் கேட்டானாமே, அதையும் டாக்டரிடமே கேளுங்கள்.

கோதுமையை நிறுத்திவிட்டேன், வயிறு அமைதியாக இருக்கிறது. சீலியாக் பரிசோதனை இப்போது எடுக்கலாமா? (முத்தியால்பேட்டை)

இப்போது எடுத்தால் இல்லை என்று பொய்யாக வரலாம். டாக்டர் சொல்லும் வாரக் கணக்குக்கு மறுபடி கோதுமை சாப்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அதனால்தான் நிறுத்தும் முன் பரிசோதனை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சீலியாக்தான் என்றால் அரிசி தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் பெருங்காயத் தூள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் மைதா கலந்திருக்கும்.

அடுத்த மாதம் தங்கை கல்யாணம். பந்தியில் உட்காராமல் இருக்க முடியாது. என்ன செய்ய? (நெல்லிக்குப்பம்)

வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், இலையில் பீன்ஸ் பொரியல் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் சுகர் என்று சொல்லிவிடுங்கள். கொலைட்டிஸ் என்று தொடங்கினால் பாயசம் ஆறும்வரை வைத்தியம் சொல்வார்கள்.